எலிக்கு வைத்த மாத்திரை, அம்மாவுக்கு எடுத்த ஈசிஜி: இரண்டு பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் இரண்டாவது மாடி, கீழே பருப்பும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாக அடுக்கும் குடோன். எலி வருமா என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வரும். பத்து வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒட்டுப் பலகை வைத்தோம், இரண்டு குட்டி மாட்டியது, மூன்றாவது பலகையையே இழுத்துக்கொண்டு போனது. கூண்டு வைத்தோம், மசால் வடை மட்டும் காணாமல் போனது. போன வைகாசியில் வாஷிங் மெஷின் ஒயரைக் கடித்து வைத்தபோதுதான், சரி, காசு கொடுத்து ஆளைக் கூப்பிடுவோம் என்று முடிவு செய்தோம்.

இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. முதல் ஆள் செய்துவிட்டுப் போனதைச் சரிசெய்ய இரண்டாவது ஆள். இரண்டு கம்பெனிப் பெயரையும் இங்கே போடவில்லை. முதலாவது இன்னொரு பெயரில் இன்னொரு நம்பரில் நாளைக்கே வரும், இரண்டாவது ஒரு தனி மனுஷன், அவருக்கு இதற்குமேல் வேலை வந்தால் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். (பாதி விளையாட்டு, பாதி நிஜம்.) பெயரைவிட என்ன மருந்து வைத்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம், அதனால் அதையே பேசுகிறேன்.

முதல் கம்பெனி. போனில் பேசிய பெண் நன்றாகப் பேசினார், 1,800 ரூபாய், ஒரே விசிட், கேரண்டி. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள், நான் ஆபீஸில். மாஸ்க் இல்லை, கையுறை இல்லை, ஒரு கட்டைப்பையில் சாமான். மனைவி என்ன மருந்து என்று கேட்டதற்கு ஒருவன், "இன்னாக்கா, ஒண்ணும் பயமில்ல, வாசனையே வராது, ரூமை சாத்திட்டு ஏசியப் போட்டுத் தூங்குங்க" என்றிருக்கிறான். அம்மா படுக்கும் அறைக்கு மேலே இருக்கும் பரணில் மூன்று இடத்தில் ஏதோ வைத்துவிட்டு, ஒரு ரசீதில் "எலி ட்ரீட்மென்ட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

நான் வீட்டுக்கு வந்தது ஒன்பது மணி. கதவைத் திறந்ததும் அழுகிய மீன் மாதிரி, கூடவே பூண்டு மாதிரி ஒரு நாற்றம். எங்கள் ஏரியாவில் மீன் நாற்றத்தை யார் பொருட்படுத்துவார்கள்? காசிமேட்டுக் காற்று அடித்தால் சட்டை வரைக்கும் வரும். வீட்டில் இருந்தவர்களுக்கு மூக்கு பழகிப்போயிருந்தது. மனைவி, "கீழே யாரோ கருவாடு வறுக்கிறாங்க போல" என்றாள். அம்மா தலைவலி என்று படுத்திருந்தார், இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார், மத்தியானம் சாப்பிட்ட வஞ்சிரத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். கன்டெய்னர் பேப்பர் வேலைதான், ஆனாலும் இருபது வருஷத்தில் கன்டெய்னர் யார்டில் ஃப்யூமிகேஷன், அதாவது சரக்கில் இருக்கும் பூச்சியை விஷவாயு விட்டுக் கொல்வது, நடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அரிசியோ மிளகாயோ ஏற்றிய கன்டெய்னருக்குள் மாத்திரை வைப்பார்கள், கதவு இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைப்பார்கள், மண்டை ஓடு படம் ஒட்டுவார்கள், 5 நாள், 7 நாள் கிட்டே போகக்கூடாது. திறக்கும்போது காற்றாட விட்டு, மீட்டர் வைத்து வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போவான். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய அண்டாவுக்குப் பின்னால் காகிதத்தில் மடித்த சாம்பல் பச்சை வில்லை, ஓரமெல்லாம் வெள்ளை மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதாவது வாயு பாதிக்குமேல் வெளியே வந்தாகிவிட்டது.

யார்டில் ஃப்யூமிகேஷன் பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எல்லாரும் வெளிய போங்க, ஜன்னலைத் தொறந்து வுடு, கையால தொடாத, தண்ணி மட்டும் ஊத்தாத தம்பி" என்றார். தண்ணீர் ஊற்றாதே என்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும், பாஸ்பீன் என்ற வாயுவாக மாறி வெளியே வரும். சென்னையில் கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? தண்ணீரை ஊற்றினால் எல்லாம் ஒரேயடியாக வரும், அடர்த்தி அதிகமானால் தானாகவே தீயும் பிடிக்கும். அண்ணன் ஸ்கூட்டரில் முகமூடியும் மீட்டருமாக வந்து எடுத்துக்கொண்டு போகும்போது மணி பதினொன்று. நாங்கள் அதற்குள் ஆஸ்பத்திரியில்.

அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். கையில் கொரோனா காலத்து ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் அம்மாவுக்கு 98. அம்மா அதைக் காட்டி, "பாரு, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். நைட் டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது ரத்தத்துல ஆக்ஸிஜன் இருக்குன்னு சொல்லும்மா, அதை உடம்பு எடுத்துக்குதான்னு சொல்லாது" என்றார். உடனே ஈசிஜி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பார்க்க ஒரு சாம்பிள். விடிய விடிய மூன்று தடவை ஈசிஜி. எனக்கு அந்த வாக்கியம் மண்டையில் நின்றுவிட்டது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளாது என்றால் என்ன அர்த்தம்? விடியற்காலை கூட்டம் குறைந்தபோது கேட்டேன், அவர் ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து என் பாஷையில் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள். சோற்றிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களை அங்கே வரிசையாக நாலு இடத்தில் கைமாற்றுகிறார்கள், கடைசியில் வாங்கிக்கொள்ளும் ஆள் ஆக்ஸிஜன், அங்கே அது தண்ணீராகிவிடுகிறது. நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்காகத்தான். எலக்ட்ரான் நகரும்போது கிடைக்கும் சக்தியை வைத்து ஒரு சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களை ஏற்றுகிறது. மோட்டார் போட்டு மாடி டேங்க்கில் தண்ணீர் ஏற்றுவது மாதிரி. அந்தத் தண்ணீர் இறங்கும்போது ஒரு சக்கரம் சுற்றி ஏடிபி என்ற பொருளைச் செய்கிறது. உடம்பில் எது நடக்க வேண்டுமென்றாலும் செலவாகும் சில்லறை அதுதான். இந்த மோட்டார் டேங்க் விஷயத்தைக் கண்டுபிடித்த பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் நோபல் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாம் செய்து செலவழிக்கும் ஏடிபியை எடை போட்டால் கிட்டத்தட்ட நம் உடம்பு எடை வருமாம், ஆனால் எந்த நேரமும் கையிருப்பு கால் கிலோகூடத் தேறாது. அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. ஒரு நிமிஷம் வேலை நின்றால் கடை மூடிவிடும்.

பாஸ்பீன் போய் உட்காருவது அந்த நாலாவது இடத்தில், அதன் பெயர் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ். எனக்கு இதைக் கேட்டதும் ஞாபகம் வந்தது துறைமுகம் ஜீரோ கேட். கேட்டில் சிஸ்டம் படுத்துவிட்டால் உள்ளே கப்பல் காலியாக நின்றுகொண்டிருக்கும், வெளியே டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூர் வரைக்கும் நிற்கும். கப்பல் இல்லை என்றா வண்டி நிற்கிறது? கேட் திறக்கவில்லை. அதேதான். ஆக்ஸிஜன் வந்து காத்துக்கொண்டிருக்கும் (ஆக்சிமீட்டரில் 98), எலக்ட்ரான் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. பின்னால் தேங்கிய எலக்ட்ரான்கள் சும்மா நிற்காமல் கண்ட இடத்தில் ஆக்ஸிஜனோடு ஒட்டி, செல்லையே அரிக்கும் பொருள்களை உண்டாக்கும். டிரெய்லர் டிரைவர்கள் காத்திருந்து கடுப்பாகி அடித்துக்கொள்வது போல. செல் வேறு வழியில்லாமல் பழைய விறகடுப்புக்கு, அதாவது ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழிக்குப் போகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 30-க்குப் பக்கத்தில் ஏடிபி கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வெறும் 2. மிச்சம் லாக்டிக் அமிலமாகக் குவியும். அதனால்தான் அந்த ரத்த சாம்பிள். எந்த உறுப்பு நாள் முழுக்க ஓய்வே இல்லாமல் ஏடிபி தின்கிறதோ அதற்குத்தான் முதல் அடி, அதாவது இதயம். அதனால்தான் மூன்று ஈசிஜி.

நான் கேட்டேன், இதற்கு மாற்று மருந்து கிடையாதா டாக்டர்? இல்லை என்றார். வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பைத் தாக்கும், அதற்கு அட்ரோபின் என்று ஒன்று கையில் இருக்கிறது. பாஸ்பீனுக்கு அப்படி எதுவும் இல்லை, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பு தானாக மீளும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவுக்குக் கிடைத்தது கொஞ்சம், சீக்கிரம் வெளியே வந்தோம், மறுநாள் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போன பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தார்களே, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டியவன்தான் நானும். என் வீட்டிலேயே ஏசி போட்டுத் தூங்கச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைக்கவில்லை.

மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போன். லைசன்ஸ் இருக்கிறதா என்றேன், "ஓனர்ட்ட இருக்கு சார்". மாத்திரை பெயர் என்ன என்றேன், "அது ஹெர்பல் சார்". ஹெர்பலாம்! அலுமினியம் பாஸ்பைடு கடையில் பொதுமக்களுக்கு விற்கவே கூடாத சரக்கு. அரசு நிறுவனங்களுக்கும் லைசன்ஸ் வாங்கிய ஆட்களுக்கும்தான், அதுவும் பயிற்சி பெற்ற ஆளின் மேற்பார்வையில். யார்டு அண்ணன் அதற்காகவே மைசூர் போய் வகுப்பில் உட்கார்ந்து சர்ட்டிஃபிகேட் வாங்கி வந்தவர், அதை ஆபீஸில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஆள் தூங்கும் வீட்டில் வைக்கும் பொருளே இல்லை இது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கூகுளில் நான் ரிவ்யூ போட்டதும் ஓனரே கூப்பிட்டு, "1,800-ம் ஜீபே பண்ணிடறேன், அதை எடுத்துடுங்க சார்" என்றார். காசு வந்தது. ரிவ்யூ அங்கேயேதான் இருக்கிறது.

எலியும் இருந்தது. அன்று ராத்திரி ஜன்னலைத் திறந்துவிட்டு நாங்கள் ஓடினோம், அது பைப் வழியாக ஓடியிருக்கும், மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

இப்போது இரண்டாவது ஆள். யார்டு அண்ணன் சொல்லி வந்தவர், பெரம்பூர் பக்கம், ஐம்பது தாண்டிய மனுஷன், கூட மச்சான் ஒருவர் எடுபிடிக்கு. பத்து மணிக்கு வருகிறேன் என்று பன்னிரண்டரைக்கு வந்தார், அதற்கு அரை நட்சத்திரம் போச்சு. வந்தவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் டார்ச்சை வைத்துக்கொண்டு சுவர் ஓரமாகத் தவழ்ந்தார். பரணுக்குப் பின்னால் ஏசி பைப் நுழையும் ஓட்டை, சிங்க்குக்குக் கீழே வேஸ்ட் பைப்பைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி, பாத்ரூம் ஜாலியில் உடைந்த மூலை. சுவரில் கரேலென்று எண்ணெய் தடவியது போல ஒரு கோடு, "டெய்லி இப்பிடித்தான் சார் போவுது, இது அதோட பீச் ரோடு" என்று காட்டினார். பத்து வருஷமாக அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லா ஓட்டையிலும் கம்பி நார் திணித்து மேலே சிமென்ட் பூசினார். ஜாலிக்குக் கம்பி வலை. வீட்டுக்குள் மருந்தே இல்லை, இரண்டு கூண்டு மட்டும், அதில் வடைக்குப் பதில் நிலக்கடலை உருண்டையை நூலால் கட்டிவிட்டார், கவ்விக்கொண்டு ஓட முடியாது, இழுத்தால்தான் கதவு விழும். பத்து வருஷம் மசால் வடையை இழந்தவனுக்கு இந்த நூலைப் பார்த்ததும் அழுகையே வந்தது. வெளியே மாடிப்படிக்குக் கீழே மட்டும் பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் நீல மெழுகுக் கட்டி. என்ன மருந்து என்று கேட்பதற்கு முன்னாலேயே பில்லில் எழுதியிருந்தார்: புரோமாடியோலோன், 0.005 சதவீதம். இது அடுப்பை அணைக்கும் வகையில்லை, ரத்தம் உறையாமல் செய்வது. எலி சாக நாலைந்து நாள் ஆகும், ஆனால் மனுஷர்களுக்குத் தவறி உள்ளே போனால் ஆஸ்பத்திரியில் கொடுக்க விட்டமின் கே1 இருக்கிறது. ஏன் இதை எடுத்தீர்கள் என்றதற்கு, "சார், நா போன பிறவு தப்பு நடந்தா சரி பண்ண டைம் வோணும்ல" என்றார். டாக்டர் ராத்திரியெல்லாம் சொன்னதை மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கட்டணம் 3,500, பதினைந்து நாள் கழித்து ஒரு விசிட் சேர்த்து. குறை இல்லாமல் இல்லை. சமையலறையில் பூசிய சிமென்ட் பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது, நானேதான் பெயின்ட் அடிக்க வேண்டும். பேச்சு அதிகம், அவர் மகள் கல்யாணம் முதல் மெட்ரோ வேலையில் எத்தனை பெருச்சாளி இடம்பெயர்ந்தது என்பது வரை எல்லாம் கேட்டாக வேண்டும். மெழுகுக் கட்டி தின்ற ஒரு எலி மாடிப்படி ஷாஃப்டுக்குள் எங்கேயோ செத்து ஐந்து நாள் நாறியது, பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டு கூண்டிலுமாக நாலு எலி, கையால் எண்ணி எடுத்தோம். ஆவணி முடிந்துவிட்டது, பரணில் சத்தமில்லை. நாலு நட்சத்திரம், தாமதத்தை மன்னித்தால்.

இதற்கெல்லாம் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது, எந்த மருந்து டப்பாவைப் பார்த்தாலும் பின்னால் திருப்பி இது எந்த கேட்டை மூடும் வகை என்று தேடுகிறேன். வேரிலிருந்து எடுக்கும் ரோட்டனோன் முதல் கேட்டை மூடுமாம், அந்த மாதிரி வேரை நசுக்கித் தண்ணீரில் விட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல நாட்டில் உண்டு. இயற்கை வேர், ஆனாலும் விஷம், அதனால் "ஹெர்பல் சார்" என்பதில் எந்த ஆறுதலும் இல்லை. இன்னொரு வகை கேட்டை மூடாது, டேங்க்கில் ஓட்டை போடும். மோட்டார் நாள் முழுக்க ஓடும், தண்ணீர் நிற்காது, சக்தியெல்லாம் சூடாகப் போகும், உடம்பு கொதிக்கும். டைநைட்ரோபீனால் என்ற பொருளை 1930-களில் அமெரிக்காவில் உடம்பு இளைக்கிற மாத்திரையாகவே விற்றிருக்கிறார்கள், கொழுப்போடு சேர்ந்து ஆளும் எரிந்துபோனதால் 1938-ல் நிறுத்தினார்கள். குளோர்ஃபெனாபைர் என்ற பூச்சிமருந்தும் இந்த ஜாதிதான், பூச்சியின் உடம்புக்குள் போய் மாறிய பிறகு ஓட்டை போடும். பழைய மருந்துக்குச் சாகாத கொசுவும் இதற்குச் சாவதால், இதைக் கலந்த கொசுவலையை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. வலையில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் வேறு, டப்பாவைத் திறந்து வாயில் போவது வேறு.

பிராட்வே பக்கம் தள்ளுவண்டியில் கறுப்புப் பொடியாக விற்கும் எலி மருந்தையும் சொல்ல வேண்டும். சாதாரணமாக அது துத்தநாக பாஸ்பைடு, வயிற்றில் இருக்கும் அமிலம் பட்டால் அதே பாஸ்பீன்தான். குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தக்காளியில் தடவி வைக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் இன்னொன்று, கல்லீரலைக் காலி செய்வது, அதற்கும் மாற்று மருந்து இல்லை, தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்துவிட்டது. எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

போன வாரம் முதல் கம்பெனியிலிருந்து மறுபடி போன், அதே பெண் குரல், நம்பர் புதுசு. வருஷ கான்ட்ராக்ட், கரப்பான், பல்லி, எலி எல்லாம் சேர்த்து 4,999. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. எலிக்கு என்ன மருந்தும்மா வைப்பீங்க, பெயர் மட்டும் சொல்லுங்க என்றேன். "ஆபரேட்டர்ட்ட கேட்டுட்டு லைன்ல வரேன் சார்" என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். இரண்டு நிமிஷம் பாட்டு ஓடியது, அப்புறம் கட் ஆகிவிட்டது.